கேஸ் மீது விழுந்த பழி

பினாங்கில் எந்தப் பட்டறைக்குள் காரை விட்டு, "ஏர்கோன் குளிரவில்லை" என்று சொன்னாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: கேஸ் குறைந்திருக்கும், போட்டால் சரியாகிவிடும். ஐம்பது, அறுபது வெள்ளியில் (ரிங்கிட்) முடிகிற காரியம். சொல்கிறவருக்கும் சுலபம், கேட்கிறவருக்கும் சுலபம். அதன் பிறகு குளிர்ந்தால் மெக்கானிக் கெட்டிக்காரர். குளிராவிட்டால் கார் பழையது. எப்படி விழுந்தாலும் அவருக்குத் தோல்வி கிடையாது.

எனக்கு இந்தப் பதில்மீது வெகு நாளாகவே எரிச்சல் உண்டு. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. எஞ்சின் எண்ணெய் கருத்துப்போகிறது. பிரேக் கட்டை தேய்கிறது. ஏர்கோன் கேஸ் இவற்றில் எந்த வகையிலும் சேராது. கம்ப்ரெசர் அதை நெருக்கிச் சூடாக்குகிறது. முன்பக்கம் உள்ள கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு அது திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீறிட்டு, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் கொதித்து ஆவியாகிறது. அப்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கம்ப்ரெசருக்கே வந்து சேர்கிறது. மூடிய வட்டம். இருபது வருடம் சுற்றினாலும் அது தேய்ந்து போவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரெசர் அச்சின் சீல் வழியாகவும் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒற்றைக் கூலிங் கொயில் உள்ள புதுக் காரில் பூமியை மிகுதியாகச் சூடாக்கும் வகைக் கேஸ் ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது. அறுநூறு, எழுநூறு கிராம் கொள்ளும் காரில் அந்த வேகத்தில் போனால் குளிர் குறைவது தெரியவே சில ஆண்டுகள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேஸ் போட்டுக்கொள்கிறவர் உண்மையில் கசிவுக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தாவில் இன்னொரு கணக்கும் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து கார்களில் பயன்படும் ஆர்-134ஏ என்ற கேஸ், எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. நூறு கிராம் காற்றில் போனால், ஏறத்தாழ அறுபது லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம்.

இதையெல்லாம் இவ்வளவு சூடாகச் சொல்லக் காரணம் அம்மாவின் கார்.

1998-இல் அப்பா வாங்கிய உள்நாட்டுத் தயாரிப்பு. பெயர் வேண்டாம், கால் நூற்றாண்டு ஓடிய இயந்திரத்தில் ஒன்று தேய்ந்தால் தயாரித்தவரைக் குறை சொல்ல நியாயம் இல்லை. அம்மா அதை விற்க ஒப்புக்கொள்வதில்லை. பிறை சந்தைக்கும், வெள்ளிக்கிழமைகளில் பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் அதில்தான் போகிறார். அவரே ஓட்டுவார்; நேரம் இருந்தால் நான் ஓட்டுவேன். நான் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் இருப்பதற்கு அதுதான் காரணம். கார் மெக்கானிக் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அம்மாவின் புகார் ஒரே வரி. "கோயிலுக்குப் போகும்போது குளிர்கிறது, வரும்போது குளிர்வதில்லை."

இதை அவர் பட்டறையில் சொன்னபோது அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். "ஏர்கோனுக்குப் போவதும் வருவதும் தெரியுமா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே கேஸ் குழாயை மாட்டினார். அந்தக் காரின் கோளாறு பற்றி அது வரைக்கும் பேசப்பட்டதிலேயே துல்லியமான வாக்கியம் அம்மாவுடையதுதான். அவர் இன்னொன்றும் கவனித்திருந்தார்: குளிர் நின்றதும் ஏர்கோனை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு பாதிப் பாலம் வந்து, பிறகு பொத்தானை அழுத்தினால் சில சமயம் குளிர் திரும்புகிறது. அணைக்காமல் விட்டால் வீடு வரை வெந்த காற்றுதான்.

பட்டறையில் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்டரை வைத்து அளந்த பிறகும் எப்படித் தவறான முடிவுக்கு வர முடியும் என்பதற்கு அது நல்ல பாடம். எஞ்சின் அணைந்திருக்கும்போது நீல மீட்டர் (கம்ப்ரெசருக்குத் திரும்பும் பக்கத்தின் தாழ் அழுத்தம்), சிவப்பு மீட்டர் (கம்ப்ரெசரிலிருந்து வெளியேறும் பக்கத்தின் உயர் அழுத்தம்) இரண்டிலும் முள் ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ.யில் (அழுத்த அலகு) நின்றது. கேஸ் இருக்கிறது என்பதற்கு அது சான்று. எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. சமையல் கேஸ் தோம்பை நினைத்துப் பாருங்கள்: பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரிகிறது, கடைசி நாளில்தான் சுடர் சுருங்குகிறது. உள்ளே துளியேனும் திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது அளவு அல்ல, வெப்பநிலை. ஆர்-134ஏ 32 பாகை செல்சியசில் எந்தக் கலத்தில் இருந்தாலும் சுமார் 100 பி.எஸ்.ஐ. காட்டும். இருநூறு கிராம் இருந்தாலும் அதே, எழுநூறு கிராம் இருந்தாலும் அதே. பினாங்கில் நிழலில் நிற்கும் எந்தக் காரிலும் அந்த முள் அங்கேதான் நிற்கும்.

எஞ்சின் ஓடும்போதுதான் மீட்டர் பேசத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் நல்ல நிலையில் உள்ள காரில் நீலப் பக்கம் 30 சொச்சம், சிவப்புப் பக்கம் 200-லிருந்து 250-க்குள் இருக்கும். நீலப் பக்கம் 28 என்றால் கூலிங் கொயிலுக்குள் கேஸ் சரியாக 0 பாகையில் கொதிக்கிறது என்று அர்த்தம். மீட்டரின் உள்வட்டத்தில் இந்த வெப்பநிலைக் கோடுகளை அச்சிட்டே வைத்திருக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. அம்மாவின் காரில் அன்று எஞ்சின் ஓடும்போது முட்கள் நல்ல இடத்தில்தான் இருந்தன. காலை நேரம், நிழல், ஆறிய எஞ்சின். அதாவது கார் குளிர்ந்துகொண்டிருந்தது. குளிர்ந்துகொண்டிருந்த காருக்குள் மேலும் கேஸ் ஏற்றிவிட்டு, காற்றுத் துவாரத்தில் கையை வைத்துக் காட்டி, "பார்த்தீர்களா?" என்றார். பார்த்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே கதை. வேறொரு பட்டறை. அங்கே தீர்ப்பு இன்னும் கனமானது: கம்ப்ரெசர் போய்விட்டது, ஜப்பானிலிருந்து வரும் ரீகண்ட் (பழையதைச் சரிபார்த்து விற்பது) ஒன்று போடலாம், டிரையர் (ஈரம் உறிஞ்சும் குப்பி), கேஸ், கூலி எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது வெள்ளி. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நாங்கள் சம்மதித்திருந்தால் ஏர்கோன் நிச்சயம் சரியாகியிருக்கும். ரீகண்ட் கம்ப்ரெசர், அதை எஞ்சின் பெல்ட்டோடு இணைத்து விடுவிக்கும் கிளட்சோடு சேர்ந்தே வரும். பழுது கிளட்சில்தான் இருந்தது. கம்ப்ரெசரை மாற்றியதும் குளிர் வந்திருக்கும், மெக்கானிக் தான் சொன்னது சரி என்று உறுதியாக நம்பியிருப்பார், நாங்களும் அவரை நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருப்போம், ஒரு நல்ல கம்ப்ரெசர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பழுது நீங்கிவிட்டது என்பதாலேயே பழுதைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன்: மின்சுற்றுப் பலகையை மாற்றினால் இயந்திரம் ஓடுகிறது, பலகை கெட்டது என்று எழுதி வைக்கிறார்கள், உண்மையில் பலகையைக் கழற்றி மாட்டியபோது தளர்ந்திருந்த இணைப்பு இறுகியிருக்கும்.

ஆகவே அம்மாவின் வாக்கியத்திலிருந்து தொடங்கினேன். போகும்போது உண்டு, வரும்போது இல்லை. போவது காலை ஏழு மணிக்கு, ஆறிய எஞ்சினோடு. கோயில் அடிவாரத்தில் வெயிலில் நிறுத்துகிறார். எஞ்சினை அணைத்த பிறகு ரேடியேட்டர் விசிறியும் இல்லை, நீர் ஓட்டமும் இல்லை. இரும்பில் தேங்கிய சூடு பானெட்டுக்குள்ளேயே சுற்றி, ஓடும்போது இருந்ததைவிட அந்த இடம் சிறிது நேரத்துக்கு அதிகமாகக் கொதிக்கிறது. திரும்பும்போது அந்தச் சூட்டோடு, கெலுகோர் பக்கம் பாலத்தில் ஏறுமுன் நெரிசல். ஆக, கோளாறு சூட்டோடு சம்பந்தப்பட்டது. சூட்டில் நின்று, ஆறினால் திரும்பும் கோளாறுகள் ஏர்கோனில் நாலைந்துதான் உண்டு.

முதல் சந்தேகம் யாருக்கும் வருவது கண்டென்சர் விசிறி. அது சுழலாவிட்டால் நெரிசலில் குளிர் போகும், கார் வேகம் எடுத்ததும் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால் ஓரிரு நிமிடத்தில் குளிர் திரும்பும். இதைச் சோதிக்கப் பினாங்குப் பாலத்தைவிட வசதியான இடம் கிடையாது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர், விளக்குச் சந்திப்பு இல்லை, கடல் காற்று இலவசம். (இந்தப் பாலம் திறந்த அதே 1985-இல்தான் மலேசியாவின் முதல் உள்நாட்டுக் காரான புரோட்டோன் சாகாவும் வந்தது. அப்பா இரண்டையும் சேர்த்தே பேசுவார், ஏதோ தானே இரண்டையும் கட்டியது போல.) வேலை முடிந்து வரும் மாலையில் அம்மாவின் காரை எடுத்துச் சென்றேன். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை நெரிசலில் எதிர்பார்த்தபடியே குளிர் நின்றது. பாலத்தில் ஏறி எண்பதில் ஓட்டினேன். நடுப்பாலம் தாண்டியும் வெந்த காற்று. விசிறி நிரபராதி.

அடுத்தது கூலிங் கொயில் உறைந்துபோவது. கொயிலின் குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டால் அதன்மீது பனி படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். ஊதுவிசிறி இரைந்தாலும் துவாரத்தில் காற்று மெலிந்து வரும். இங்கே காற்று குறையவில்லை, குளிர் மட்டும்தான் இல்லை. அதுவும் கழிந்தது.

மிஞ்சியவை இரண்டு. குழாய்க்குள் ஈரம் புகுந்திருந்தால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும்; அணைத்து வைத்தால் உருகி வழி விடும். அம்மா சொன்ன அடையாளம் இதற்கும் பொருந்துகிறது. மற்றொன்று, கம்ப்ரெசர் சுற்றாமலே நின்றுவிடுவது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஓட்டுநர் இருக்கையிலிருந்தே ஒரு வழி உண்டு. பொத்தானை அழுத்தியதும் பழைய கார்களில் 'டக்' என்று கம்ப்ரெசர் கிளட்ச் பிடிக்கும் ஓசை கேட்கும், எஞ்சின் ஒரு கணம் தளர்ந்து மறுபடி நிமிரும். ஈரப் பனி என்றால் அந்தத் தளர்ச்சி இருக்கும், கம்ப்ரெசர் வீணாகவாவது சுற்றும். பிறையில் இறங்கி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஓசை இல்லை. எஞ்சின் அசையவில்லை.

பானெட்டைத் திறந்தால் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கம்ப்ரெசரின் முகப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. வெளியே பெல்ட்டோடு எப்போதும் சுற்றும் புல்லி. அதன் நடுவே ஒரு தட்டு. ஏர்கோன் வேலை செய்யும்போது மட்டும் அந்தத் தட்டும் சேர்ந்து சுற்றும். இங்கே புல்லி சுற்றியது, தட்டு அசையாமல் நின்றது. கிளட்சுக்கு வரும் ஒற்றைக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன்: 13.6 வோல்ட். இந்த ஓர் எண் ஒரே நேரத்தில் பலரை விடுதலை செய்துவிட்டது. கேஸ் மிகவும் குறைந்திருந்தால் அழுத்த சுவிட்ச் மின்சாரத்தை வெட்டியிருக்கும். கேஸ் மிகுந்து அழுத்தம் வரம்பு மீறியிருந்தாலும் வெட்டியிருக்கும். ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பொத்தான் என்று வழியில் எது கெட்டிருந்தாலும் அந்த 13.6 அங்கே வந்திருக்காது. கட்டளை வந்து சேர்ந்திருக்கிறது. கிளட்ச்தான் கீழ்ப்படியவில்லை.

நீண்ட மரக்குச்சி ஒன்றின் முனையால் தட்டின் முகத்தை மெல்ல உள்பக்கம் தள்ளினேன். 'டக்'. பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் செய்கிற வேலை இது. தொளதொளத்த சட்டைக் கையோடும், தொங்கும் சங்கிலியோடும், வேட்டியோடும் இதைச் செய்யவே கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் துவாரத்திலிருந்து குளிர் வந்தது. உள்ளே உட்கார்ந்து ரசிக்கவில்லை. அணைத்துவிட்டு, இணைப்பைக் கழற்றி, சுருளின் மின்தடையை அளந்தேன்.

கிளட்சுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடும். மறுநாள் காலை ஆறிய நிலையில் 3.6 ஓம் காட்டிய சுருள், அன்று மாலைச் சூட்டில் 4.4 காட்டியது. கணக்குப் போட்டால், காலையில் 3.8 ஆம்பியர் பாய்ந்த இடத்தில் மாலையில் 3.1 தான். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. புதுக் காரில் இதனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் உரசி உரசி, இருபத்தைந்து ஆண்டில் இடைவெளி விரிந்துவிடுகிறது. விரிந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க, சூட்டில் பலம் குறைந்த காந்தத்தால் முடியவில்லை.

அம்மா கவனித்தவை எல்லாம் இதில் வந்து உட்கார்ந்தன. ஒருமுறை பிடித்துவிட்டால் இடைவெளி பூச்சியம். பிறகு சிறு மின்னோட்டமே பிடித்து வைக்கப் போதும். அதனால்தான் காலையில் தொடங்கியது பாலம் தாண்டும்வரை குளிர்ந்தது. ஆனால் கொயில் போதிய அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கிளட்சை விடுவித்து, சற்று நேரத்தில் மறுபடி பிடிக்கச் சொல்கிறது. அப்படி ஒரு விடுப்புக்குப் பிறகு, சூட்டில், மறுபடி பிடிக்க முடியாமல் போகும் கணத்தில்தான் குளிர் சட்டென்று நின்றது. நின்ற பிறகும் பொத்தானை அணைக்காவிட்டால், தட்டை இழுக்க முடியாத சுருளில் நாற்பது வாட் மின்சாரம் பாய்ந்து அதை மேலும் சுட வைத்துக்கொண்டே இருக்கும். வேகமாக ஓட்டினாலும் ஆறாது. அணைத்துவிட்டுப் பாதிப் பாலம் வந்தால் ஆறிவிடும். அம்மாவுக்கு ஓம் விதி தெரியாது. பொறுமையாகப் பார்க்கத் தெரியும்.

சரிசெய்யப் பிறையில் ஏர்கோன் வேலை மட்டுமே செய்யும் ஓர் அண்ணனிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், தனி ஆள், கடைக்குள் ஒரு காருக்குத்தான் இடம். வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போது நிற்கிறது தம்பி?" அந்தக் கேள்விக்காகவே அவரிடம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

கிளட்ச், கேஸ் ஓடும் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அதைக் கழற்றக் கேஸை வெளியேற்ற வேண்டியதில்லை. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை இடைவெளிக்குள் நுழைத்து மூன்று இடங்களில் அளந்தார். தட்டு வளைந்திருந்தால் ஓரிடத்து அளவு ஏமாற்றும் என்றார். ஒரு பக்கம் 0.9 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 1.1. இருக்க வேண்டியது 0.3-லிருந்து 0.6-க்குள். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினால், அச்சின் மேல் மெல்லிய வளையங்கள் இருந்தன, ஷிம் என்பார்கள். அரை மில்லிமீட்டர் வளையம் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினார். அவ்வளவுதான். இடைவெளி பாதியானால், ஏட்டுக் கணக்குப்படி இழுவிசை நான்கு மடங்கு. அதிகமாகவும் நெருக்கக் கூடாது. விடுவித்த பிறகும் உரசிக்கொண்டே இருந்தால் புல்லியின் பேரிங் வெந்துவிடும். எடுக்க ஷிம்மே மிச்சம் இல்லாத கார்களுக்குப் புதுக் கிளட்ச் வாங்க வேண்டும். கூலி நாற்பது வெள்ளி. கழற்றிய ஷிம்மை என் கையில் கொடுத்தார்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நண்பகல் வெயிலில் நீலப் பக்கம் ஐம்பதுக்கு மேல், சிவப்புப் பக்கம் முந்நூற்றைத் தொட்டது. முதல் பட்டறையின் அன்பளிப்பு. கேஸ் மிகுந்தால் கண்டென்சரின் அடிப்பகுதி திரவத்தால் நிரம்பி, ஆவி திரவமாக இடம் குறைகிறது. அழுத்தம் ஏறுகிறது, குளிர் குறைகிறது, கம்ப்ரெசர் திணறுகிறது, அந்தத் திணறலைச் சுமப்பதும் அதே தேய்ந்த கிளட்ச்தான். காரின் கையேட்டில் கேஸின் அளவை எடையாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்: 650 கிராம். அண்ணன் இயந்திரத்தை மாட்டி உறிஞ்சித் தராசில் பார்த்தபோது 810 வந்தது. காற்றில் விடாமல் தோம்பில் பிடித்துக்கொண்டார். பிறகு பம்ப்பைப் போட்டு வெற்றிடமாக்கி முக்கால் மணி நேரம் விட்டார். ஈரம் போவதற்குத்தான்: காற்றழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தண்ணீர் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும், நம் ஊர் வெயிலில் அடுப்பு தேவையில்லை. பம்ப்பை நிறுத்தி முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது, கசிவு இல்லை. தராசு பார்த்து 650 கிராம் ஏற்றினார். பினாங்கில் எத்தனை பட்டறைகளில் இந்தத் தராசு இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கேஸைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறவனுக்குத் தராசு எதற்கு என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவின் சமையல் வெப்பமானியைத் துவாரத்தில் செருகி வைத்தேன். சாலையில் ஓடும்போது 8 பாகை, நெரிசலில் 12, 13. அந்த வயதுக் காருக்கு இது போதும்.

போதும் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏர்கோன் காற்றைக் குளிர்விக்கிறது என்று நினைக்கிறோம். பினாங்கில் அது செய்யும் வேலையில் பெரும்பாதி காற்றைப் பிழிவது. 32 பாகையும் 65 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கிறது. அதை 12 பாகைக்குக் கொண்டுவரும்போது பதினோரு கிராமாவது தண்ணீராகச் சொட்ட வேண்டும். அந்த நீராவியைத் தண்ணீராக்கச் செலவாகும் சக்தி, காற்றின் சூட்டைத் தணிக்கச் செலவாகும் சக்தியைவிட அதிகம். அதனால் வெளிக்காற்றை உள்ளே விடும் நெம்புகோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏர்கோனைத் திட்டுவது அநியாயம். உள்காற்றையே சுற்றவிட்டால் பிழிந்த காற்றையே மறுபடி குளிர்விக்கலாம். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் இடப்பக்கக் கால்மிதி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இலைத்துண்டும் தூசும்தான், மெல்லிய கம்பி போதும். கார் கண்ணாடியில் ஒட்டும் இருட்டுப் படலம் பற்றியும் கேட்பார்கள். மலேசியாவில் 2019-லிருந்து பின்பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக்கலாம், குறைந்தது முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்க ஜன்னல்கள் 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும். ஆனால் வெயிலின் சக்தியில் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வருவதால், இருட்டு வேறு, வெப்பத் தடுப்பு வேறு. அது தனிக் கதை.

விஷயம் அம்மா வழியாகப் புக்கிட் மெர்தாஜாம் சித்தப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரிடம் இருப்பது 1988-ஆம் ஆண்டுக் கார். எனக்கும் ஒரு வளையத்தைக் கழற்றி நாற்பது வெள்ளியில் முடித்துக் கொடு என்றார். அவர் கதை வேறு. அந்தக் காலத்துக் கார்களில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியலில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதில் ஆர்-134ஏவை அப்படியே ஏற்றிவிட முடியாது. பழைய கனிம எண்ணெய் புதுக் கேஸில் கரையாது, கரையாத எண்ணெய் கம்ப்ரெசருக்குத் திரும்பாது, எண்ணெய் இல்லாத கம்ப்ரெசர் இறுகிவிடும். எண்ணெயை மாற்ற வேண்டும், டிரையரை மாற்ற வேண்டும், இணைப்புகளில் உள்ள கறுப்பு ரப்பர் ஓ-வளையங்களை எடுத்துவிட்டுப் புது வகை போட வேண்டும். கடும் வெயிலில் ஆர்-134ஏவின் அழுத்தம் ஆர்-12ஐவிட அதிகமாக ஏறும் என்பதால், ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய பாம்புக்குழாய்க் கண்டென்சரைத் தூக்கிவிட்டு, பல குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடும் இணைகுழாய் வகை போட்டால்தான் நெரிசலில் குளிரும். கேஸையும் பழைய எடைக்குப் பத்து, இருபது விழுக்காடு குறைத்தே ஏற்ற வேண்டும். மலிவாக ஒரு மாற்றுக் கேஸ் இருக்கிறதாமே என்று சித்தப்பா கேட்டார். எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவைதான் அது. முப்பத்தைந்து வருடக் குழாய்களோடு, கூலிங் கொயில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் காரில் அதை ஏற்ற நான் உதவ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதை முதலில் பார்க்கிறேன் என்றார் சித்தப்பா. கண்டென்சருக்கு மட்டும் இரண்டு கடைகளில் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.